பிடுங்கி எறிந்த கன்றுகளும் என் மகளின் கழுத்தும்

பார்க் எக்ஸ்ரென்சன்,
மொன்றியல்.
ஐப்பசி மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் நிருஷாவுக்கு அப்பா எழுதுவது,

இங்கே நானும் கொம்மாவும் சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லாமல், சண்டையில் அதைவிடக் குறை இல்லாமல் சுகமாக இருக்கிறோம். நீயும் அந்த மலையில் கால் வழுக்காமல், காய்ச்சல் பிடிக்காமல் இருக்க முருகனைக் கும்பிடுகிறோம், அவரும் மலையில் இருக்கிற ஆள்தானே, உன் கஷ்டம் அவருக்குச் சொல்லாமலே விளங்கும் என்று கொம்மா சொல்கிறா. போன கிழமை நீ போனில் அழுததில் பாதி எங்களுக்கு விளங்கியது, மற்றப் பாதியைக் காற்று கொண்டுபோய்விட்டது. உன் ஊரில் போன் வேலை செய்யவேண்டுமென்றால் மேட்டில் ஏறி ஒற்றைக் காலில் நிற்கவேண்டும் போலிருக்கிறது, அதனால்தான் கையால் எழுதுகிறேன். கொம்மா இதைப் படம் பிடித்து அனுப்புவா, நீ துறைக்கு இறங்கி வரும் நாளில் கிடைக்கும். நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்த மனிசன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள், நீ சனிக்கிழமைகளில் நித்திரை தூங்கித் தூங்கிப் படித்த தமிழுக்கு என் பிழையைக் கண்டுபிடிக்க ஏலாது என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

டோர்வல் விமான நிலையத்தில் என் வேலை அப்படியே போகிறது. குளிர் தொடங்குகிறது என்றவுடன் சனம் தீவுகளுக்கு ஓடத் தொடங்கிவிட்டது, நாங்கள் அவர்களுடைய பெட்டிகளைத் தூக்கித் தூக்கி நாரி முறிகிறோம். மணலில் உடுப்பில்லாமல் படுக்கப் போகிறவர்களுக்கு இவ்வளவு உடுப்பு எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. என்னோடு வேலை செய்கிற மன்னார் யோசெப் அண்ணை கேட்டார், உங்கட மகளும் தீவிலதானே, கடற்கரையோ என்று. இல்லை அண்ணை, எல்லாரும் தீவுக்குப் போனா கடலைப் பார்ப்பினம், எங்கட பிள்ளை கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மலை ஏறுறா என்றேன். மலையில என்ன வேலை என்றார். பசிபிக் கடலில வனுவாட்டு எண்ட தீவுச் சனத்துக்குக் கிழங்குத் தோட்டம் செய்யக் காட்டிக் குடுக்கிறா என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்ப அவையள் இவ்வளவு காலமும் என்னத்தைச் சாப்பிட்டவை என்று கேட்டார். நல்ல காலம், நான் பதில் சொல்லமுதல் அடுத்த விமானம் வந்துவிட்டது.

சரி, உன் கதைக்கு வருகிறேன். காற்று கொண்டுபோன பாதியை நானாக நிரப்பி வைத்திருக்கிறேன், சரியோ பிழையோ பார். முந்தி அங்கே மழை மழை மாதிரிப் பெய்ததாம், இப்போது ஒரு மாதத்து மழை ஒரே நாளில் கொட்டி, சரிவில் இருக்கிற கிழங்குத் தோட்டத்து மண்ணெல்லாம் ஆற்றுக்குப் போகிறதாம், புயலும் முந்தி மாதிரி இல்லையாம். அதனால் சரிவுக்குக் குறுக்கே வரிசை வரிசையாக மரம் வைத்து, நடுவில் கிழங்கு நட்டு, உச்சியில் இருக்கிற காட்டை வெட்டாமல் விட்டால் மண்ணும் நிற்கும், கீழே இருக்கிற வீடுகளும் நிற்கும். இது நல்ல வேலை, இதில் பகிடி இல்லை. பகிடி இனித்தான் வருகிறது. கன்றுகளை முதலில் யாருக்குக் கொடுப்பது என்ற இடத்தில், ஆக ஏழைப்பட்ட குடும்பத்துக்குக் கொடு என்று உன்னை அங்கே அனுப்பிய ஆபீஸ்காரர் தலைநகரத்தில் விசிறிக்குக் கீழே இருந்து சொல்லிவிட்டார்கள். நீயும் லெயாவுக்குக் கொடுத்தாய். அந்தப் பாவம் கடற்கரையில் இருந்த வீடு புயலில் போய், பிள்ளைகளோடு மலை ஏறி வந்து, றூபென் என்கிற பெரியவரின் பரம்பரைக் காணியில் இரவலாகத் தோட்டம் செய்கிறவள். அவள் சந்தோசமாக நட்டாள், நீ படம் எடுத்து அனுப்பினாய், கொம்மா அதைக் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டி வருகிற போகிற எல்லோருக்கும் காட்டினா. அடுத்த கிழமை றூபெனின் மகன்மார் வந்து ஒரு கன்று விடாமல் பிடுங்கி, வேரை வானத்துக்குக் காட்டி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். இப்போது லெயா வாய் திறக்கிறாள் இல்லை, றூபென் உன்னைக் கண்டால் வேறு பாதையால் போகிறார், நீ வைக்கிற கூட்டத்துக்கு வருவது நீயும் ஒரு நாயும். நாயாவது ஒழுங்காக வருகிறதே, அதன் பெயரை அறிக்கையில் போடு.

பிறகுதான் யாரோ உனக்குச் சொல்லியிருக்கிறார்கள், அந்த ஊரில் கிழங்கு நட்டால் அது பசிக்கு, மரம் நட்டால் அது காணி உறுதி மாதிரி என்று. இரவல் காணியில் இருக்கிறவள் மரம் வைத்தால், இனி இந்த நிலம் எனக்கும் என் பிள்ளைகளுக்கும் என்று ஊரைக் கூட்டிச் சொன்னதற்குச் சமம். லெயாவுக்கு அது தெரியாமலா இருந்திருக்கும், கன்று கொண்டு வந்த வெளிநாட்டுப் பிள்ளை றூபெனிடம் கேட்டுவிட்டுத்தான் வந்திருக்கும் என்று நினைத்திருப்பாள். எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை அப்பா என்று நீ அழுதாய். நீ கேட்டனியோ என்று நான் கேட்ட இடத்தில் லைன் அறுந்துவிட்டது. எங்கே அறவேண்டும் என்று தெரிந்து அறுகிற லைன்.

நான் சிரித்தேன் என்று கொம்மா உனக்குக் கோள் சொல்லியிருப்பா. ஏன் சிரித்தேன் என்றால் அதே கூத்து இங்கே எங்கள் பின்வளவிலும் நடந்தது. நாலு வீட்டுக்கும் பொதுவான வளவு, கொம்மா ஒவ்வொரு வருடமும் தக்காளியும் மிளகாயும் கீரையும் போடுவா, ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. வைகாசியில் கீழ்வீட்டுச் சாரங்கன் ஜான்-டலோன் சந்தையில் ஒரு செர்ரிக் கன்று வாங்கிவந்து நடுவளவில் நட்டான். அடுத்த கிழமை அதற்குப் பக்கத்தில் ஒரு கதிரை வந்தது. மரத்தின் நிழல் ஒரு தொப்பி அளவு, ஆள் அதற்குள் தலையை மட்டும் வைத்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்கிறார். பேந்து அவன் மனைவி றொஷினி மேலே வந்து, அக்கா, உடுப்புக் கொடியைக் கொஞ்சம் அங்கால கட்டுங்கோ, மரத்துக்கு வெயிலை மறைக்குது என்றா. கொம்மாவின் முகத்தை நீ பார்த்திருக்கவேண்டும். என்ர தக்காளி ஐப்பசியோட போயிடும், இவையின்ர மரம் எப்ப போகும், இண்டைக்கு மரம் வைச்சவை நாளைக்கு வேலியும் போடுவினம் என்று படியில் நின்று சொன்னா, மெதுவாகச் சொல்லும் பழக்கம்தான் அவவிடம் இல்லையே, கீழே றொஷினிக்கு ஒரு எழுத்து விடாமல் கேட்டுவிட்டது. கடைசியில் வீட்டுக்காரக் கிரேக்கக் கிழவர் வந்தார். யாருடைய மரம் என்றார். சாரங்கன் நெஞ்சை நிமிர்த்தி என்னுடையது என்றான். கிழவர், மண் யாருடையது என்று மட்டும் கேட்டுவிட்டு அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். இப்போது அது வீட்டுக்காரரின் மரம், தண்ணீர் ஊற்றுவது சாரங்கன், பழம் காய்த்தால் எல்லோருக்கும், கதிரை உள்ளே போய்விட்டது. கொம்மாவும் றொஷினியும் மட்டும் இன்னும் முகம் பார்ப்பதில்லை. போய் ஒரு மன்னிப்புச் சொல்லிவிட்டு வாருமன் என்று நான் சொன்னால், நான் பொய்யோ சொன்னனான் என்று கேட்கிறா. அந்தக் கழுத்து அவவின் குடும்பச் சொத்து, ஒரு பக்கமும் வளையாது. சீதனத்தில் எனக்கு ஒழுங்காக வந்து சேர்ந்தது அது ஒன்றுதான், அதையும் அப்படியே உனக்குக் கொடுத்துவிட்டோம்.

கழுத்தைப் பற்றி ஏன் இவ்வளவு எழுதுகிறேன் என்று உனக்கு விளங்கும். ஊர்த் தலைவர் உனக்கு வழி சொல்லிவிட்டார், அதை நீயே எங்களுக்குச் சொன்னாய், அந்தப் பாதி தெளிவாகக் கேட்டது. ஒரு பாயும், கவா என்கிற செடியின் வேர் ஒரு கட்டும் கொண்டுபோய் றூபெனின் முற்றத்தில் வைத்து, வெறும் நிலத்தில் குந்தி இருந்து, பிழை என்னுடையது, லெயாவுடையது இல்லை என்று சொல்லவேண்டும். அவர் ஏற்றுக்கொண்டால் அந்த வேரை இடித்துக் கரைத்து எல்லோருமாகக் குடிப்பார்களாம், குடித்தால் நாக்கு விறைத்துப் போகுமாம். மன்னிப்புக் கேட்டவுடன் நாக்கை விறைக்க வைப்பது எவ்வளவு நல்ல ஏற்பாடு, எங்கள் ஆட்களின் கல்யாண வீடுகளுக்கும் அதில் கொஞ்சம் அனுப்பிவிடு. பிறகு றூபெனின் மகன்மாரே தங்கள் கையால் அந்தச் சரிவில் கன்றுகளை நடுவார்கள், மரம் அவர்களுடையது, நடுவில் கிழங்கு வைத்துச் சாப்பிடுவது லெயாவின் குடும்பம். மண்ணுக்கு யார் நட்டது என்று ஒன்றும் இல்லை, வேர் இருந்தால் சரி. வழி இவ்வளவுதான். ஆனால் நீ போகமாட்டாய். திட்டம் எழுதினது ஆபீஸ், கன்று பிடுங்கினது அவர், நான் ஏன் நிலத்தில இருக்கவேணும், நான் நியாயத்துக்கு நிக்கிறன் என்றாய். நில்லு பிள்ளை, வடிவாக நில்லு. அந்த மலையும் உன்னோடு சேர்ந்து நியாயத்துக்கு நிற்குமென்றால் எனக்கு ஒரு கவலையும் இல்லை. மழை தொடங்கும் கையோடு நட்டு, பெரிய புயல் வரமுதல் வேர் பிடிக்கவேண்டும் என்று சொன்னவள் நீதான். மிச்சக் கன்றுகளின் வேர் பைக்குள்ளேயே சுருளத் தொடங்கிவிட்டது என்று சொன்னவளும் நீதான். சரிவுக்கு நேர் கீழே லெயாவின் வீடு இருக்கிறது. மண் இறங்குகிற நாளில் அது ஆபீஸின் பிழையோ றூபெனின் பிழையோ என்று நின்று விசாரித்துவிட்டு இறங்காது.

இந்த மாதக் கடைசிக்குள் ஊரை விட்டு வருகிறாயா இல்லையா என்று ஆபீஸுக்குச் சொல்லவேண்டும் என்றாய், நீ வந்தால் கன்றுகளையும் வேறு தீவுக்கு ஏற்றிவிடுவார்கள் என்றும் சொன்னாய். உண்மையைச் சொல்கிறேன், கொம்மா என்னை இந்த மேசையில் இருத்தியதே வா என்று எழுதுவதற்குத்தான். உன் அறையைக் கூட்டித் துடைத்துவிட்டா. சென்ட் லோரன்ட்டில் ஒரு கம்பனியில் சுற்றுச்சூழல் படித்த ஆள் தேவையாம், செல்வமலர் அக்கா விசாரித்து வைத்திருக்கிறா. கண்ணாடி அறைக்குள் இருந்து கம்பியூட்டரில் மரம் எண்ணுகிற வேலையாம், அங்கே ஒருவரும் வந்து பிடுங்கமாட்டார்கள். செல்வமலர் அக்கா வேலையை மட்டும் விசாரிக்கிற ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும், லவாலில் ஒரு பெடியன், உயரம், பல் வைத்தியத்துக்குப் படித்தது, மிச்சத்தை அவவே உனக்குச் சொல்லுவா, காதைப் பொத்திக்கொள். நானும் வா என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். நீ இல்லாத வீட்டில் நான் பகிடி விட்டால் சிரிக்க ஆள் இல்லை, கொம்மா ரீவீயின் சத்தத்தைக் கூட்டுகிறா. ஆனால் இப்போது நீ வந்தால் வீட்டுக்கு வந்ததாக இருக்காது, ஒரு கிழவனின் முகத்துக்குப் பயந்து ஓடிவந்ததாக இருக்கும். பேந்து இங்கே மழை பெய்கிற நேரமெல்லாம் அந்த ஊரில் என்ன நடந்ததோ என்று போனை நோண்டிக்கொண்டு இருப்பாய். உன்னை வளர்த்தவன் நான், எனக்குத் தெரியும். அதனால் வா என்று எழுதவில்லை. போ என்று எழுதுகிறேன்.

போகும்போது தனியாகப் போகாதே, தலைவரைக் கூட்டிக்கொண்டு போ, ஆபீஸ்காரரைக் கூட்டிக்கொண்டு போகவே போகாதே. முதலில் லெயாவிடம் போய்ச் சொல்லு, அவள் உன்னால் அல்லவா ஊருக்கு முன்னால் தலை குனிந்து நிற்கிறாள். படம் போட்டுக் காட்டுகிற பெட்டியைக் கொண்டு போகாதே. மண்ணரிப்பு, காலநிலை என்று பாடம் எடுக்காதே, அவருடைய காணியின் மண் போவதை அவர் உனக்கு முந்திப் பார்த்தவர். பிழை என்னுடையது என்று சொன்ன பிறகு ஆனால் என்ற சொல் உன் வாயில் வரக்கூடாது, கொம்மா கேட்கிற மன்னிப்பெல்லாம் ஆனாலில் தொடங்கி மற்ற ஆள் மன்னிப்புக் கேட்பதில் முடியும், அதைப் பார்த்துப் பழகாதே. அவர் பேசாமல் இருந்தால் நீயும் பேசாமல் இரு, உனக்கு அது மலை ஏறுவதைவிடக் கஷ்டம், இருந்தாலும் இரு. அவர் ஏலாது என்று சொல்லிவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வா, இங்கே ஒருவரும் ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள், கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன். கேட்டு இல்லை என்ற பிறகு வருவது வேறு, கேட்காமல் வருவது வேறு.

நுளம்பு வலைக்குள் படு, மலேரியாக் குளிசையை மறக்காதே, நான் குளிசை போட்டிட்டன் என்று பொய் சொன்னால் உன் குரலில் எனக்குத் தெரியும். ஈரச் சப்பாத்தோடு திரியாதே. தலைக்கு எண்ணெய் வை என்று கொம்மா இங்கே பக்கத்தில் நின்று சொல்கிறா, எழுதிவிட்டேன், இனி வைப்பதும் விடுவதும் உன் பாடு. நீ தொட்ட வேலை துலங்கவும், அந்த மலையும் அதில் இருக்கிற சனமும் இந்த மழைக்குத் தப்பவும் எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உன்னோடு இருக்கும். றூபெனின் வீட்டுக்குப் போன அன்றைக்கே மேட்டில் ஏறி எங்களுக்கு ஒரு சொல் சொல்லிவிடு, நல்லதோ கெட்டதோ.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா
தியாகலிங்கம்

நிருஷா, இவர் எழுதினதை முழுக்க வாசிச்சன். என்ர கழுத்தைப் பற்றி எழுதினதுக்கு இவரோட பேந்து கதைக்கிறன். வா எண்டு எழுதச் சொன்னது நான்தான், அது உண்மை. முதல் அந்த மனிசனிட்டப் போய் நிலத்தில இரு. கழுத்தை நிமிர்த்திக்கொண்டு இராதை. — அம்மா