இருக்கைக்குப் பின்னால்

திண்டுக்கல்,
ஜூன் 1962

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் தம்பி லூர்துராஜை அடக்கம் செய்த கையோடு திருச்சிக்குப் போய்விட்டீர்கள். 'தம்பி ஓட்டிப்போன விமானத்தை நான்தான் தப்பாகக் கட்டிவிட்டேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை.

இருக்கைக்குப் பின்னால் எதையும் வைக்காதே, வால் கனத்தால் மூக்கு நிமிர்ந்துகொள்ளும், பிறகு உன்னால் அடக்க முடியாது என்று நீங்கள் தம்பிக்குச் சொன்னதை நானும் கேட்டேன். அவர் ஒருநாளும் வைத்ததில்லை. அன்றைக்குச் சோளக்காட்டுக்கு மேலே விமானம் அப்படித்தான் நிமிர்ந்து விழுந்தது.

நேற்று அத்தை அழுதுகொண்டே சொன்னார்கள்: "மதுரையில இருக்கிற மகளுக்குன்னு அவனுக்குத் தெரியாம ஒரு சாக்குத் தேங்காயைப் பின்னால வச்சுவிட்டேன். அதுவும் அவனோட கருகிப்போச்சேம்மா."

அது என்ன செய்ததென்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தால் தாங்க மாட்டார்கள். "மூத்தவன் செஞ்ச மிஷினு சின்னவனைக் கொண்டுபோயிருச்சு" என்றுதான் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்கள். நானும் வாய் திறக்கவில்லை.

இது தெரிந்த பிறகும் அந்தப் பழியோடு அவர்கள் முன்னால் உட்கார உங்களால் முடியுமா? முடியுமென்றால் வாருங்கள். இதைப் படித்ததும் கிழித்துவிடுங்கள்.

அத்தைக்குச் சோறு இறங்கவில்லை. தெருவில் யார் நடந்தாலும், "மூத்தவன் வந்துட்டானா பாரு" என்கிறார்கள்.

இப்படிக்கு,
வழி பார்த்திருக்கும் உங்கள் மனைவி