கழற்றாத மோதிரம்

அன்புள்ள தொகியோவுக்கு,

கியோத்தோவில் நான் சுகமாகவே இருக்கிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா? கூரையில் பனி சேர்ந்தால் நீயே ஏறித் தள்ளாதே, உன் தம்பியைக் கூப்பிடு.

கவலைப்பட ஒன்றுமில்லை, இங்கே ஒரு கூத்து நடந்தது. நான் காவல் காக்கும் கட்டடத்தின் முதலாளியம்மா தன் வீட்டுத் தேநீர்ச் சடங்குக்கு என்னையும் அழைத்தார். குளித்து, முகம் மழித்துப் போனேன். வாசலிலேயே அவர் மகள் என் கையைப் பார்த்துவிட்டாள்.

“பெரியவரே, மோதிரத்தைக் கழட்டிடுங்க. தேநீர்க் கிண்ணமெல்லாம் ரொம்பப் பழசு, கீறல் விழுந்துடும்.”

“கல்யாணத்தன்னைக்குப் போட்டதும்மா. கழட்ட மாட்டேன்.”

“சோப்பு கொண்டு வரவா?”

“விரலையே வெட்டிக் குடுத்துடட்டுமா?”

பக்கத்திலிருந்த விருந்தாளி சிரித்தார். “பெண்டாட்டிகிட்ட அவ்வளவு பயமா, அண்ணே?”

மற்றவர்கள் பழங்காலக் கிண்ணங்களை உள்ளங்கையில் ஏந்திப் புகழ்ந்தார்கள். எனக்கு மட்டும் சமையலறையிலிருந்து ஒரு சோற்றுக் கிண்ணத்தில் தேநீர் வந்தது. புத்தகம் பார்த்து நானே பழகியபடி, அதையும் முறையாகத் திருப்பிப் பிடித்து, கடைசிச் சொட்டுவரை உறிஞ்சிக் குடித்தேன். ஒருவரும் என் பக்கம் பார்க்கவில்லை.

வெள்ளைக் காலுறை அனுப்பு, இருந்தது கிழிந்துவிட்டது. புகை போட்ட முள்ளங்கி ஊறுகாயும் கொஞ்சம் வை.

நீ உன் மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டதாக உன் தம்பி எழுதியிருக்கிறான். களை பிடுங்க இடைஞ்சலாக இருக்கிறது என்றாயாம். பனிக்காலத்தில் என்ன களை?

வேலைக்கு நேரமாகிவிட்டது. பனி உருகியதும் வருவேன். முதலில் உன் கையைத்தான் பார்ப்பேன்.

தமெகிச்சி