முன்னால் ஒரே பல்சக்கரம்

நெல்சன் நகரம், ஜூன் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

மூட்டு வலி குறைந்ததா? கோதுமை விதைப்பு முடிந்ததா? நான் நலம். போன வாரம் மலைப்பாதை ஏற்றத்தில் சைக்கிள் செயின் கழன்று விழுந்தேன். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். சைக்கிள் கடையில் என்னோடு வேலை பார்க்கும் கார்த் சிரித்தான்.

"கோதுமைக்காட்டுக்காரி, முன்னாடி பெடல்கிட்ட மூணு பல்சக்கரம் எதுக்கு? ஒண்ணு போதும், மத்ததக் கழட்டிப் போடு."

நீங்கள் பூட்டித் தந்த பல்சக்கரங்களாயிற்றே என்று இரண்டு நாள் தயங்கினேன். பிறகு நானே மூன்றையும் கழற்றி, செயினை நழுவவிடாத புதுப் பல்சக்கரம் ஒன்றை மாட்டினேன். அதே ஏற்றத்தில் நேற்று செயின் கழலவில்லை. முன்னால் மாற்ற இனி கியர் இல்லாததால் இடது கியர் பிடியையும் எடுத்துவிட்டேன். கட்டைவிரல்தான் இன்னும் அதைத் தேடுகிறது.

மூன்றைப் பிடித்திருந்த பழைய போல்ட்டுகள் ஒன்றுக்கு நீளம். வாஷர் வைத்துச் சமாளிக்கிறேன். உங்கள் கொட்டகையில் குட்டை போல்ட் நான்கு இருந்தால் அனுப்புங்கள். எங்கள் கடையிலேயே கிடைக்கும். இருந்தாலும் நீங்களே அனுப்புங்கள், கூடவே இரண்டு வரி எழுதி. கடை திறக்க நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்,
ஜோலின்