செல்வி அக்கா மாடியில் பிடித்த மழை

11.10.2010, திங்கள்
வெயில். மேகமே இல்லை. திண்டிவனத்திலிருந்து காலை பஸ்ஸில் மரக்காணம், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் மீனவர் குப்பம். செல்வி அக்கா வீட்டு மொட்டை மாடியில் மழைத் தண்ணீர் பிடிக்கப் புனலும் பாட்டிலும் கட்டியாயிற்று. மீன் விற்கிறவர். என் ஆராய்ச்சிக்கு மாடியைக் கொடுத்த புண்ணியவதி.
"மழத் தண்ணில இன்னா டீச்சர் இருக்கப் போவுது?"
புகை, வயல் யூரியாவிலிருந்து கிளம்பும் வாயு, எல்லாம் மழையோடு கடலில் இறங்கும். கடலுக்கு அது உரம். மிஞ்சினால் பாசி பெருகி மீனுக்கு மூச்சு முட்டும் என்றேன். அக்கா சிரிக்கவில்லை. போன வருஷம் தண்ணீர் பச்சையாகி மீன் செத்து ஒதுங்கியதாம்.
பருவத்தின் முதல் மழைதான் முக்கியம், காற்றில் சேர்ந்ததெல்லாம் அதில்தான் இறங்கும். வருஷத்துக்கு ஒன்று. தவறவிடக் கூடாது.

15.10, வெள்ளி
காய்ச்சல். லீவு. ரசம் சாதம் கசக்கிறது. நாலு மணிக்கு அக்கா போன். பின்னால் மழைச் சத்தம்.
"கொட்டுது டீச்சர்! நீங்க வராதீங்க. காக்கா கிட்ட வராம நான் குந்திக்கினு பாத்துக்கறேன்."

16.10, சனி
காய்ச்சல் இறங்கியது. போனேன். பாட்டில் முக்கால். இறுக மூடி, நான் கொடுத்த ஐஸ் பெட்டியில் பத்திரமாக. அக்கா வீட்டுக்காரர் மட்டும் உர்ரென்று.
"திங்கக்கெழமலேர்ந்து வூட்ல வெறகு அடுப்பே பத்த வெக்கல. கடை இட்லிதான். பொகை பட்டா தண்ணி கெட்டுடுமாம்."
எனக்கு வேண்டியது வழக்கமான காற்று, புகையோடு. மறைக்க மனம் வரவில்லை. சொல்லிவிட்டேன்.
"அப்போ கெடுத்துட்டனா?" முகம் சுண்டிவிட்டது. பிறகு மெதுவாக, "மீனு செத்தது என் அடுப்பாலதான்னு நெனச்சிக்கினு இருந்தேன் டீச்சர்."
என் வாய்தான் காரணம். இதை ஐந்து நாளாகச் சுமந்திருக்கிறார். கையைப் பிடித்துக்கொண்டேன். மீன் வாசனை. விடத் தோன்றவில்லை.
குறிப்பேட்டில் எழுத: மழைக்கு முன் அடுப்பு எரியவில்லை.

20.10, புதன்
தூறல். கல்லூரி ஆய்வகம். மூன்று தடவை பார்த்தேன். பாசிக்கு உரமாகும் நைட்ரேட் நிறையவே இருக்கிறது. அந்த அடுப்பு எரியாமலே! எங்கெங்கோ ஓடும் லாரி, புகைபோக்கி, வயல், எல்லாவற்றையும் காற்று தூக்கி வந்திருக்கிறது. ஒரே மழையை வைத்து ஆய்வேட்டில் எதையும் அடித்துச் சொல்ல முடியாது. அக்காவிடம் சொல்ல இது போதும். உடனே போன்.
"உங்க அடுப்பு இல்லாமலே இவ்ளோ இருக்குது, அக்கா."
மூக்கை உறிஞ்சும் சத்தம். அப்புறம் போனைக் கையில் வைத்தபடியே வீட்டுக்காரரிடம் ஒரு கத்தல்:
"யோவ், நான் இல்லையாம்யா!"