நாலாயிரம் அடி

வியாழன், இரவு.

அடுத்த வாரம் மகள் ரம்யாவுக்கு விமானி வேலைக்கான தேர்வு. திருச்சியிலிருந்து விமானம் கிளம்பும் முறையை வீட்டுக் கம்ப்யூட்டரில் பழகுகிறாள். நாலாயிரம் அடியில் ஏறுவதை நிறுத்தித் திரும்ப வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து உயரத்தைச் சொல்வது என் வேலை. அவள் ஒருநாளும் தவறியதில்லை.

இன்று காலை சிலிண்டர் வந்ததென்று வாசலுக்குப் போனேன். திரும்பி வந்தால், விமானம் நாலாயிரத்தைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்கு மேலே ஏறிக்கொண்டிருந்தது.

“நீங்க சொல்லுவீங்கன்னே இருந்துட்டேன்ப்பா. இனிமே பக்கத்துல உக்காராதீங்க” என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். சரிதான். இருந்தாலும் அதுவே மனதில் ஓடுகிறது.

சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பறந்தாள். எப்படிப் போனது என்று நான் கேட்கவில்லை. சாப்பிடும்போது இன்னொரு தோசை கேட்டு வாங்கிக்கொண்டாள்.