குடைக்கம்பி போட்ட கத்தி

நல்லம்பள்ளி,
சனிக்கிழமை காலை.

அன்பு மகன் பிரவீனுக்கு,

மாதா புண்ணியத்தில் நானும் அம்மாவும் இங்கே சுகம். போலந்தில் குளிர் குறைந்ததா, நெஞ்சுச் சளி விட்டதா என்று உன் அம்மா தினமும் என்னைத்தான் கேட்கிறாள், நான் என்னவோ அங்கே இருந்து வந்தவன் மாதிரி. அவளுக்கு முட்டிவலி பரவாயில்லை. செவலை மாடு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. மாமரம் இந்த வருஷம் நன்றாகப் பூத்திருக்கிறது, காற்றடிக்காமல் இருந்தால் சரி. வாட்ஸாப்பில் பேசாமல் அப்பா ஏன் காகிதத்தில் எழுதிப் போட்டோ பிடித்து அனுப்புகிறார் என்று யோசிப்பாய். வாய்ஸ் மெசேஜில் மூன்று தடவை ஆரம்பித்து மூன்று தடவையும் அழித்துவிட்டேன்டா.

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது உன்னிடம் கொடுத்தேனே சவரக்கத்தி, அது உன் கொள்ளுத்தாத்தா கத்தி இல்லை. சலூன் வைத்திருந்த முனியப்பனுடையது. போன பங்குனியில் அவர் தவறிப்போனார். ஆடி மாதம் அவர் மகள் நிர்மலாதேவி, பஸ் ஸ்டாண்டு பக்கம் தையல் கடை வைத்திருக்கிறதே, அந்தப் பெண்தான் நான் பழைய கத்திகளைத் துருவெடுத்துப் போடும் வீடியோக்களைப் பார்த்துவிட்டுக் கத்தியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தது. “துருவ மட்டும் எடுத்துக் குடுங்கண்ணா, வருசத்துக்கு அப்பா போட்டோ முன்னால வெக்கணும்” என்றது. நானும் சரி என்று வாங்கினேன். அப்போது என் மனதில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை, இதை மட்டும் நீ நம்ப வேண்டும்.

ஆனால் துரு போகப் போக எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. நானூறாம் நம்பர் உப்புத்தாளில் ஆரம்பித்து இரண்டாயிரம் வரை தேய்த்தேன், உள்ளேயிருந்து ஜெர்மனி முத்திரை ஒவ்வொரு எழுத்தாக மேலே வருகிறது! நீ வாங்கி அனுப்பிய எட்டாயிரம் நம்பர் கல்லில் தீட்டி, பழைய பெல்ட்டில் அறுபது தடவை இழுத்து, அம்மா தலைமுடி ஒன்றை மேலே விட்டேன், பட்டென்று இரண்டாகிவிட்டது. கன்னத்தில் வைத்தால் வழுக்கிக்கொண்டு போகிறதுடா, அப்படி ஒரு ஷேவிங்கை நாற்பத்தைந்து வயதில் முதல் தடவையாகப் பார்த்தேன். பார், இப்போதும் அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் எனக்கு வெட்கம் மறந்துபோகிறது. புரட்டாசியில் அந்தப் பெண் வந்து கேட்டபோது, தீட்டும்போது ஒடிந்துவிட்டது, தூக்கிப் போட்டுவிட்டேன் என்று சொன்னேன். அது முகம் வாடிப்போய், “பரவால்லீங்கண்ணா, நீங்க என்ன பண்ணுவீங்க” என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனது.

வெளிநாட்டுக்காரன் ஒவ்வொருவனும் வீடியோவில் இது என் தாத்தா கத்தி, என் அப்பா கத்தி என்று காட்டுகிறான். நம் வீட்டில் கத்தி ஏது? என் தாத்தா மாட்டுக்கொட்டாய்ப் பக்கம் உட்கார்ந்து முனியப்பனிடம் மோவாயைத் தூக்கிக் கொடுத்தவர், அவ்வளவுதான். சலூன்காரர் வீட்டுக் கத்தி என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது, அதுதான் உண்மை. தாத்தா கத்தி என்று ரீல் போட்டேன். லைக் ஏற ஏற எனக்கே அது நிஜம் போல் ஆகிவிட்டது. நீ அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பெட்டியில் வைத்தாயே, அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை அம்மா ஜாக்கெட்டை வாங்கக் கடைக்குப் போனேன். நிர்மலாதேவி ஜாக்கெட்டை மடித்துக் கொடுத்துவிட்டு, நீ கத்தியோடு ஸ்டேட்டஸில் போட்ட போட்டோவைப் போனில் பெரிதாக்கிக் காட்டியது. கைப்பிடியில் ஒரு ஆணி பித்தளை, இன்னொன்று கருப்பாக இருக்கும், கவனித்திருப்பாய். அங்கே இருந்த பித்தளை ஆணி விழுந்துபோய் முனியப்பன் குடைக்கம்பியை நறுக்கி அடித்தாராம், அப்போது அந்தப் பெண்தான் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றதாம். அதை மாற்றினால் பழமை போய்விடும் என்று வீடியோவில் சொன்னதால் நானும் விட்டுவைத்திருந்தேன். அப்போதும், இது வேறு கத்திம்மா என்று நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் அந்தப் பெண் சொன்னது, “உங்க தாத்தா தாடயில பட்ட கத்திதாங்கண்ணா, அதுல பொய்யில்ல. ஆனா எங்கப்பா ஒருநாளும் உங்க வூட்டு வாசப்படி ஏறுனதில்ல. அவரு கத்திய மட்டும் உள்ள வெச்சி உங்க தாத்தாது ஆக்கிட்டீங்களே.” திட்டவில்லை, சத்தம் போடவில்லை. சொல்லிவிட்டு மிஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டது. நான் ஜாக்கெட்டை அங்கேயே மறந்துவிட்டு வந்துவிட்டேன்.

இண்டூர் அர்ச்சுனன் மகன் மாதவராஜ் உன் கம்பெனியிலிருந்து இருபதாம் தேதி ஊருக்கு வருகிறான் என்றாயே, அவனிடம் கத்தியைக் கொடுத்துவிடு. பங்குனி இருபத்திரண்டுக்குள் எனக்கு வந்துவிட வேண்டும், அன்றுதான் முனியப்பனுக்கு வருஷ திதி. இனி அதில் சவரம் செய்யாதே. நன்றாகத் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் தடவி வை, தேங்காய் எண்ணெய் வேண்டாம், அந்தக் குளிரில் உறைந்துவிடும். கைப்பையில் வைத்தால் ஏர்போர்ட்டில் பிடுங்கிக்கொள்வார்கள், பெரிய பெட்டியில் வைக்கச் சொல். ரூமில் யார் யாரிடம் கொள்ளுத்தாத்தா கத்தி என்று காட்டினாயோ அவர்களிடம் முனியப்பன் பெயரைச் சொல்லிவிடு. உன்னையும் பொய்யனாக்கிவிட்டேன், அப்பாவை மன்னித்துக்கொள். ரீலில் நானும் அவர் பெயரைச் சொல்லிப் பேசிப் போட்டிருக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, ஞாயிறு பூசையை விடாதே. ஆண்டவர் உன் கூடவே இருப்பார். கத்தி வந்து, நானே அதைக் கொண்டுபோய் அந்தப் பெண் கையில் கொடுக்கும்வரை என் முகத்தில் சவரம் கிடையாது. தாடி எதற்கு என்று அம்மா கேட்டாள், தவக்காலம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதுவும் பொய்தான். இதை உனக்கு அனுப்பும் முன் அவளிடம் படிக்கக் கொடுக்கப்போகிறேன்.

உன் அப்பா,
மரிய ஆனந்த்