சாரி சொல்லத் தெரியாதவன்

இரும்புலியூர்,
9.6.2025

ஜென்சி அப்பாவுக்கு,

கர்த்தர் கிருபையில் நானும் ஜென்சியும் ஏதோ இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கத்தான் வெள்ளிக்கிழமை வந்தேன். பதில்தான் காதில் விழவில்லை.

கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நாங்கள் ஒரு கூட்டம், அந்தப் பக்கம் நீங்கள் ஒரு கூட்டம், எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினால் யார் பேசுவது யாருக்குக் கேட்கும்? பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையே தேவலை. லெதர் கம்பெனியில் அரை நாள் லீவு போட்டுவிட்டு, நீ வாயைத் திறந்து மூடுவதைப் பார்த்து வந்தேன். இதற்குப் பெயர் மனு பார்ப்பதாம். அதனால்தான் லெட்டர்.

விஷயம் இதுதான். வக்கீல் மிருதுளா அம்மா சொன்னார். 28ஆம் தேதி சனிக்கிழமை ஜெயிலுக்குள்ளேயே கோர்ட் நடக்குமாம். சின்ன கேஸ்காரர்கள் ஜட்ஜ் முன்னால் நின்று "ஆமாம், செய்தேன்" என்று சொன்னால், இதுவரை உள்ளே இருந்ததையே தண்டனையாகக் கணக்கு வைத்து அன்றைக்கே அனுப்பிவிடுவார்களாம். கூட்டத்தைக் குறைக்க இந்த ஏற்பாடாம். உனக்கு ஜாமீன் கிடைத்தும் பிரயோஜனமில்லை. சொந்த வீடு உள்ள இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். நம் சொந்தத்தில் எவனுக்குச் சொந்த வீடு இருக்கிறது?

அதனால் ஒத்துக்கொண்டு வந்து சேர்.

நீ எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியாதா? நம் தெரு காமு மாமியின் செயினை அறுத்தவன் போகும்போது "சாரிம்மா" என்று சொல்லிவிட்டுப் போனானாம். கல்யாணமாகிப் பதினொரு வருஷத்தில் எனக்கு ஒரு சாரி சொல்லாத மனுஷன், மாமிக்கா சொல்லப் போகிறாய்? உன்னிடம் இருந்தது ஒரு கறுப்பு பைக், ஒரு கறுப்பு ஹெல்மெட். ஸ்கூல் வாசலில் வேனை எடு என்ற போலீஸ்காரரிடம் எதிர்த்துப் பேசிய வாய் ஒன்று. அது போதும் அவர்களுக்கு. முகத்தைப் பார்க்கவில்லை என்று சொன்ன மாமியும் உன்னைப் பிடித்த பிறகு சும்மா இருந்துவிட்டார். பேத்தி சின்மயியை நீ ஓட்டிய ஸ்கூல் வேனில்தான் அனுப்பினார் என்பதுகூட மறந்துவிட்டது. அந்த வீட்டுப் பக்கம் நான் திரும்புவதே இல்லை.

இதைப் பிரித்துப் படிக்கும் ஜெயில் சாருக்கு: படித்தது போதும், சீக்கிரம் கொடுத்துவிடுங்கள்.

உன்,
ஜீவிதா


மத்திய சிறை,
13.6.2025

அன்பு ஜீவிக்கு,

உனக்கும் என் ஜென்சிக் குட்டிக்கும் முத்தங்கள். சார் படிக்கிறார் என்பதற்காக எல்லாம் குறைத்துக்கொள்ள மாட்டேன்.

ஒத்துக்கொள்ள மாட்டேன், ஜீவி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இருபது பேருக்குக் கட்டிய அறையில் அறுபது பேர் இருக்கிறோம். பாதிப் பேர் படுத்தால் பாதிப் பேர் சுவரில் சாய்ந்து உட்கார வேண்டும், அப்புறம் மாற்றிக்கொள்ள வேண்டும். திரும்பிப் படுப்பதென்றால் பக்கத்தில் இருப்பவனைக் கேட்டுத்தான் திரும்ப வேண்டும். சொறி ஒருவனுக்கு வந்தால் எல்லாருக்கும் வந்துவிடுகிறது. இதெல்லாம் புலம்பல் இல்லை, இருக்கிற நிலைமை.

என் பக்கத்தில் எழில் என்று ஒருவன். படப்பையில் பெயின்ட் அடிக்கிறவன். முதல் தடவை ஒரு செல்போன் கேஸில் பிடித்தார்களாம். அவனும் இதே மாதிரி ஒரு சனிக்கிழமை, எடுக்காத செல்போனை எடுத்தேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனான். இப்போது வந்திருப்பது மூன்றாவது தடவை. "அண்ணா, நம்ம ஏரியால ஒரு சைக்கிள் காணாப் போனாக்கூட என் வூட்டுக் கதவதான் தட்டுறானுங்க" என்று சொல்கிறான். ஏன் தட்ட மாட்டார்கள்? ஓடினவனைத் தேட வேண்டுமானால் அலைய வேண்டும். விலாசம் தெரிந்தவனைத் தூக்கினால் வேலை முடிந்தது. ஒரு தடவை ஆமாம் என்று சொல்லிவிட்டால் நம் வீட்டு விலாசமும் போலீஸ் பட்டியலில் ஏறிவிடும்.

அதோடு, திருடினேன் என்று ஜட்ஜிடம் சொன்னவன் வேனில் எந்த அம்மா பிள்ளையை ஏற்றி அனுப்புவாள்? நீயே அனுப்புவாயா?

உன்,
பென்னி


இரும்புலியூர்,
17.6.2025

ஜென்சி அப்பாவுக்கு,

ரொம்ப அழகாக எழுதியிருக்கிறாய். ரோஷத்தை உலையில் போட்டால் சோறாகுமா?

ஸ்கூல் திறந்ததிலிருந்து உன் வேன் வாடகைக்கு வேறு ஒருவன் கையில் ஓடுகிறது. அதே வேன் நம் தெரு முனையில் ஹார்ன் அடிக்கும்போது ஜென்சி உள் அறைக்குள் போய்விடுகிறாள். கிளாஸில் எவளோ "உங்க அப்பா ஜெயிலாமே" என்று கேட்டிருக்கிறாள். உன் பெண், உன்னை மாதிரியே, அவளைப் பிடித்துத் தள்ளிவிட்டு மிஸ் கேட்டபோது சாரி சொல்ல மாட்டேன் என்று நின்றிருக்கிறாள். ஸ்கூலில் என்னைக் கூப்பிட்டுத் திட்டினார்கள். நான் யாரைத் திட்டுவது?

விலாசம், பட்டியல் எல்லாம் நாளைக்கு வரும் கஷ்டம். நான் இன்றைய கஷ்டத்தில் இருக்கிறேன். தனியாக இருக்கும் பொம்பளை என்று தெரிந்தால் கதவை ராத்திரி தட்டிப் பார்க்கிறவன் போலீஸ்காரன் மட்டும் இல்லை.

சனிக்கிழமை நீ வராவிட்டால், ஞாயிற்றுக்கிழமை ஜென்சியைக் கூட்டிக்கொண்டு மதுராந்தகத்தில் அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன். அப்புறம் மனு பார்க்கவும் வேறு ஆளைத் தேடிக்கொள். எனக்கு உன் நல்ல பெயர் வேண்டாம், பென்னி. நீதான் வேண்டும்.

ஜீவிதா


மத்திய சிறை,
20.6.2025

ஜீவிக்கு,

சரி.

சனிக்கிழமை கையைக் கட்டிக்கொண்டு நின்று ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன். ஜட்ஜிடம் சாரியும் சொல்ல வேண்டுமாம். எழில் சொல்லிக் கொடுத்திருக்கிறான்.

கோபத்தில் எழுதவில்லை. நேற்று என் முறைக்குப் படுத்தபோது காலில் இருந்த கொப்புளம் உடைந்து பக்கத்து ஆள் வேட்டியெல்லாம் சீழ் ஆகிவிட்டது. அவரே அதைத் துடைத்துக்கொண்டு எனக்கு இன்னும் கொஞ்சம் இடம் விட்டார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. நீ சொன்ன மாதிரி வந்துவிட்டால் போதும் என்று ஆகிவிட்டது. ஆனால் எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஜீவி. ஜென்சி தள்ளிவிட்டாளே அந்தப் பெண், அவள் சொன்னது உண்மை என்று நானே சொல்லப் போகிறேன்.

27ஆம் தேதி வெள்ளிக்கிழமை மனுவுக்கு வரும்போது ஈஸ்டருக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைக் கொண்டு வா. மறுநாள் ஜட்ஜ் முன்னால் அதைப் போட்டுக்கொண்டுதான் நிற்கப் போகிறேன். திருடன் என்று சொல்லப் போகிறவன் அழுக்குச் சட்டையில் வேறு நிற்க வேண்டாம்.

பென்னி


இரும்புலியூர்,
25.6.2025

என் பென்னிக்கு,

சொல்லாதே. ஆமாம் என்று சொல்லாதே. முதலில் இதைப் படித்துக்கொள், மீதியை அப்புறம் படி.

நேற்று சாயங்காலம் தாம்பரத்தில் ட்ரெயினை விட்டு இறங்கி நம் தெருவுக்குள் நுழைகிறேன், முன்னால் போய்க்கொண்டிருந்த ஆஷா அக்கா "ஐயோ" என்று கத்துகிறாள். கறுப்பு ஹெல்மெட் போட்ட ஒருத்தன் செயினை அறுத்துக்கொண்டு பைக்கை முறுக்கினான். சாக்கடைக்குத் தோண்டிப்போட்டு மாசக்கணக்கில் மூடாத பள்ளம் இருக்கிறதே, அதில் சறுக்கி விழுந்தான். தினம் நான் திட்டுகிற பள்ளத்தை நேற்றுதான் வாழ்த்தினேன். டிபன் பாக்ஸால் அவன் ஹெல்மெட் மேலேயே ஒன்று போட்டேன். தெருப் பெண்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். அவன் கையைக் கூப்பிக்கொண்டு "சாரிம்மா, சாரிம்மா" என்கிறான்.

மாடியிலிருந்து காமு மாமி ஓடி வந்தார். "இவன்தான்டி! அன்னிக்கும் இதே குரல், இதே சாரிம்மா! இவனேதான்!" என்று அவனைக் கை நீட்டிக் காட்டினார். போலீஸ் ஜீப் வந்து அவனை ஏற்றிப் போயிற்று.

இன்று காலை பார்த்தால், அவன் நம் தெரு டீக்கடையில் உட்கார்ந்து பன் தின்கிறான். என்னைப் பார்த்துச் சிரித்தான், பென்னி. மாமியை இழுத்துக்கொண்டு நேரே ஸ்டேஷனுக்குப் போனேன். ஏட்டு என்ன சொன்னார் தெரியுமா? "இன்னாம்மா பண்ணச் சொல்ற? ஏழு வருஷத்துக்குக் கொறஞ்ச தண்டன உள்ள கேஸு. நோட்டீஸ் குடுத்து அனுப்பிட்டோம். ஜெயில்ல நிக்கக்கூட எடமில்லன்னு அங்க கத்துறாங்க. நாங்க புடிக்கிறது, அவங்க வுடுறது, இதே பேஜாரா கீது." சரி, மாமி செயினையும் இவன்தானே எடுத்தான் என்று கேட்டேன். "அந்த கேஸுக்குதான் ஆளு உள்ள கீறானே. சனிக்கிழமை ஒத்துக்கினான்னா அது க்ளோஸு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. உன்னைப் போட்டு அடைத்து வைத்திருப்பதால் அவனுக்கு இடமில்லையாம்! நீ ஆமாம் என்று சொல்லிவிட்டால், அவனை இந்த ஜென்மத்தில் யாரும் தேட மாட்டார்கள். அவன் தினம் ஒரு கழுத்தைப் பார்த்துக்கொண்டு இதே தெருவில் பன் தின்பான். நம் ஜென்சி இந்தத் தெருவில்தான் நடக்க வேண்டும்.

நான் ஸ்டேஷனிலேயே கத்திவிட்டேன். அதைவிடப் பெரிய விஷயம், மாமி கத்தினார். "நான் முகத்தைப் பாக்கலேன்னு அன்னிக்கே சொன்னேன், நீங்கதான் காதுல போட்டுக்கலை. கோர்ட்ல வந்து சொல்றேன்" என்றார். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், ஆனால் மன்னிப்பு இன்னும் கொடுக்கவில்லை. அதற்குள் அவரே, "ஜாமீனுக்கு வீட்டு வரி ரசீதுதானே வேணும்? எங்காத்து ரசீது இருக்கு. எதிர்ஃப்ளாட்காராளையும் கூட்டிண்டு வரேன்" என்கிறார். செயினைப் பறிகொடுத்தவரே, அதைப் பறித்தான் என்று உள்ளே இருப்பவனுக்கு ஜாமீன் நிற்பது எங்கேயாவது உண்டா என்று மிருதுளா அம்மாவுக்குச் சிரிப்பு. ஆனால் தடுக்கச் சட்டம் இல்லையாம்.

இந்த லெட்டர் சனிக்கிழமைக்குள் உன் கைக்கு வராது, எனக்குத் தெரியும். பிரித்துப் படிக்கும் சார் நிதானமாகத்தான் படிப்பார். வெள்ளிக்கிழமை மனுவில் நான் எவ்வளவு கத்தினாலும் உனக்குக் கேட்காது. அதனால் உன் வெள்ளைச் சட்டையைக் கொண்டு வரப் போவதில்லை. வெறும் கையோடு வந்து நிற்பேன். புரிந்துகொள்.

அக்கா வீட்டுக்கெல்லாம் போகவில்லை. இங்கேதான் இருப்பேன்.

உன் ஜீவி


மத்திய சிறை,
30.6.2025

என் ஜீவிக்கு,

உன் லெட்டர் இன்றுதான் வந்தது. சார் நன்றாக ருசித்துப் படித்திருக்கிறார் போல.

வெள்ளிக்கிழமை வலைக்கு அந்தப் பக்கம் நீ இரண்டு கையையும் விரித்துக் காட்டினாய். சட்டை இல்லை. முதலில் மறந்துவிட்டாய் என்று நினைத்தேன். சலவை செய்யச் சோப்பு இல்லையோ என்றுகூட நினைத்தேன். நீ தலையை ஆட்டினாய். மறுபடியும் ஆட்டினாய். பக்கத்தில் நின்ற மாமி தன் கழுத்தைத் தொட்டுக் காட்டி, அவரும் தலையை ஆட்டினார். என்ன நடந்தது என்று தெரியாது. ஆனால் என் பெண்டாட்டி காமு மாமியோடு சேர்ந்து நிற்கிறாள் என்றால் உலகத்தில் ஏதோ மாறிவிட்டது என்று மட்டும் தெரிந்தது.

சனிக்கிழமை வரிசையில் அழுக்குச் சட்டையோடுதான் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர்கள் எல்லாரும் ஆமாம் ஐயா, ஆமாம் ஐயா என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். எழிலும் சொன்னான். என் முறை வந்தது. ஜட்ஜ் ஐயா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஒத்துக்கொள்கிறாயா என்றார்.

"இல்லீங்க ஐயா. நான் எடுக்கல" என்றேன்.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். ஒத்துக்கொண்டால் இன்றே போகலாம், தெரியுமா என்றார். தெரியும் ஐயா, எடுக்கல ஐயா என்றேன். பின்னால் நின்ற வார்டன் என் முதுகில் தட்டினார், "இன்னாடா, புத்தி கெட்டுப் போச்சா?" என்று. ஜட்ஜ் ஐயா ஏதோ எழுதிக்கொண்டார். அப்படியானால் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை, கேஸ் நடக்கட்டும் என்றார்.

எழில் காலி செய்துவிட்டுப் போன இடத்துக்கு அன்று மாலையே புதிதாக இரண்டு பேர் வந்துவிட்டார்கள். கூட்டம் குறையவில்லை. மாமி ஜாமீன் கொடுக்க நீதிமன்றத்தில் எத்தனை நாள் இழுப்பார்களோ தெரியாது. இழுக்கட்டும். மாமியை மன்னித்துவிடு, எனக்காக.

ஜென்சியிடம் சொல், அப்பா எடுக்கவில்லை என்று ஜட்ஜிடமே சொல்லிவிட்டார் என்று. அந்தப் பெண்ணைத் தள்ளியது தப்பு. அதற்கு மட்டும் அவள் சாரி சொல்லட்டும்.

உனக்கும் என்னிடம் பதினொரு வருஷத்து சாரி பாக்கி இருக்கிறது. அதை இந்த லெட்டரில் எழுத மாட்டேன், சார் படிப்பார். வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, உன் காதில் விழுகிற மாதிரி சொல்கிறேன்.

வெள்ளைச் சட்டையைத் தேய்த்து வை.

உன்,
பென்னி